எல்லைத் தாலுகாவை எழுத வருகிறவர்களுக்கு: தாளவாடி மலையிலிருந்து ஒரு சர்வேயர்

ஈரோடு மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டிய மலைத் தாலுகா தாளவாடி. அதைப் பற்றி எழுத வருஷா வருஷம் யாராவது மலையேறி வருகிறார்கள். சமூகப்பணி படிக்கிற பிள்ளைகள், வங்கியில் புதிதாகச் சேர்ந்த கடன் அலுவலர்கள், தொண்டு நிறுவனக்காரர்கள். நில அமைப்பு, மக்கள், பொருளாதாரம் என்று மூன்று தலைப்புப் போட்டு நான்கு பக்கம் நிரப்பிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். வடக்கே கர்நாடகம், தெற்கே காடு, மக்களின் தொழில் விவசாயம். இதை எழுதுவதற்கு ஈரோடு பஸ் நிலையத்தைத் தாண்டவே வேண்டியதில்லை.

நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பிறந்தது கோபிப் பக்கம், சமவெளி. எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று காட்டித்தான் சம்பளம் வாங்கினேன். அந்தக் கல்லைத் தாண்டி எதெல்லாம் போகிறது, வருகிறது என்று பார்ப்பது எழுத வருகிறவர்களின் வேலை. தண்ணீர், பஸ், மூட்டை, மணப்பெண், நோயாளி, யானை என ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் மாநிலக் கோட்டைத் தாண்டுகிறது. அந்த இடங்களைப் பிடித்துவிட்டால் தாலுகா பிடிபட்டுவிடும். எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலில் காகிதம். தாளவாடி தனித் தாலுகா ஆனது 2016-இல்; அதுவரை சத்தியமங்கலம் தாலுகா. ஆகவே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘தாளவாடி தாலுகா’ என்று தேடினால் எதுவும் கிடைக்காது. சத்தியமங்கலம் தாலுகாவின் மொத்த எண்ணைத் தூக்கிவந்து தாளவாடிக்கு ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு. அதில் கீழ்நாட்டு நெல்வயல், வாழைத்தோட்டம் எல்லாம் சேர்ந்துவிடும். தாலுகா ஆபீஸில் வருவாய்க் கிராமப் பட்டியலை வாங்குங்கள். கணக்கெடுப்பின் கிராமவாரி அட்டவணையை எடுத்து, அந்தந்தக் கிராமத்தின் எண்ணைத் தேடி நீங்களே கூட்டுங்கள். அரை நாள் வேலை. வேறு வழியில்லை.

இன்னும் பின்னால் போனால் மாவட்டமே மாறும். 1979 வரை இது கோவை மாவட்டம். 1956 மாநிலப் பிரிவினைக்கு முன் பக்கத்துக் கொள்ளேகாலமும் கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த நவம்பரில் அது மைசூருக்குப் போனது, தாளவாடி சென்னை மாநிலத்தோடு நின்றது. மேலே வீட்டில் கன்னடம் பேசிக்கொண்டு தமிழ்நாட்டு ரேஷன் அட்டை வைத்திருக்கும் குடும்பங்களின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஓட்டுக் கணக்கு தனிக்கூத்து. சட்டமன்றத்துக்குப் பவானிசாகர் தனித்தொகுதி, நாடாளுமன்றத்துக்கு நீலகிரி. ஈரோடு கலெக்டரிடம் மனு கொடுக்கிறவர் ஊட்டிக்காரரோடு சேர்ந்து எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறார். எந்தப் புள்ளிவிவரம் எந்த எல்லைக்கு உரியது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். குறிக்காவிட்டால் கடைசியில் கூட்டல் இடிக்கும்.

ஊராட்சி ஒன்றியத்தில் பத்து ஊராட்சிகள். தாளவாடி, ஆசனூர், தலமலை, திகினாரை, மல்லன்குழி, இக்கலூர், நெய்தாளபுரம், திங்களூர் என்று போகும். ஊராட்சி வேறு, வருவாய்க் கிராமம் வேறு, வனச்சரகம் வேறு என்பதை மறக்காதீர்கள். காட்டுக்குள் இருக்கும் குடியிருப்புகள் வருவாய்ப் பட்டியலில் தனிப் பெயராக வராது. அவற்றுக்கு ஊராட்சிச் செயலரையும் அந்தச் சரகத்து வனக்காவலரையும்தான் கேட்க வேண்டும்.

இனி தண்ணீர். எல்லோரும் மலையின் உயரத்தைக் கேட்கிறார்கள். சரிவு எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை. பண்ணாரியில் இருந்து 27 கொண்டை ஊசி வளைவு ஏறினால் திம்பம், ஆயிரம் மீட்டருக்கு மேல். அதைத் தாண்டினால் இறக்கமே தெரியாது. மைசூர் மேட்டுநிலம் தொடங்கிவிடுகிறது. நின்று பாருங்கள்: தெற்கே பள்ளத்தாக்கு அறுந்து விழுகிறது, அடியில் மாயாறு. அந்தச் சரிவில் விழுந்த மழை மாயாற்றில் சேர்ந்து பவானிசாகர் அணைக்குப் போகும். தாளவாடி மேட்டில் விழுகிற மழைக்கு வடக்குதான் வழி. ஓடை ஓடையாகச் சேர்ந்து, கோட்டைத் தாண்டி, சாமராஜநகர் மாவட்டத்துச் சிக்கஹொளே அணைக்கும் சுவர்ணாவதி ஆற்றுக்கும் போய், கொள்ளேகாலம் பக்கம் காவிரியில் விழுகிறது. அப்புறம் மேட்டூர் வழியாகத் தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்து பவானி கூடுதுறையில் தெற்குச் சரிவுத் தண்ணீரைச் சந்திக்கிறது. ஒரே மேகத்து மழை இரண்டு மாநிலக் கணக்கில் எழுதப்பட்டு மறுபடி ஒன்றாகிறது. காவிரி வழக்கைப் பற்றிப் பேசுகிற யாராவது இதைச் சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இதை ஏன் முதலில் பார்க்க வேண்டும் என்றால், மேட்டில் பெரிய அணை கிடையாது, கால்வாய்ப் பாசனம் கிடையாது. குளம், தடுப்பணை, போர்வெல். ஒரு ஊரில் நுழைந்ததும் போர் எத்தனை அடி, மோட்டார் எத்தனை குதிரைத்திறன், போன கோடையில் தண்ணீர் நின்றதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். அந்த ஊரில் யாரிடம் காசு இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். போர் இருப்பவர் உருளைக்கிழங்கு, பீட்ரூட், முட்டைக்கோஸ், பூண்டு, கரும்பு, வாழை போடுவார். இல்லாதவர் சித்திரை வைகாசி மழையைப் பார்த்து ராகியும் மக்காச்சோளமும் விதைத்து, ஊடே அவரையோ ஆமணக்கோ போடுவார்.

அடங்கலையும் கேட்டுப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் இரண்டாம் எண் கணக்கு அது. சர்வே எண் வாரியாக என்ன பயிர் என்று இருக்கும். வருவாய்த்துறையின் கணக்கு வருஷமான பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்குகிற ஆங்கில வருஷம். 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. அடங்கலில் ராகி என்று இருக்கும் நிலத்தில் பீட்ரூட் நின்றால் அதைக் குற்றமாக எழுதாதீர்கள். தக்காளி விலையைப் பார்த்து மனசை மாற்றிக்கொள்கிற விவசாயியின் வேகத்துக்குக் கணக்கு ஓடாது. வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டால் போதும்.

நில அளவு விஷயத்தில் கட்டாயம் கவனம் வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) இருக்கும். பேச்சில் ஏக்கரும் செண்டும். எல்லையோர ஊர்களில் பெரியவர்கள் குண்டே என்பார்கள், அது கர்நாடகத்து அளவு. ஒரு ஏக்கருக்கு 40 குண்டே. நமக்கு 100 செண்டு. அதாவது ஒரு குண்டே இரண்டரை செண்டு. ‘பத்து குண்டே பூண்டு போட்டேன்’ என்று ஒருவர் சொன்னதைப் பத்து செண்டு என்று எழுதிக்கொண்டால், அவருடைய விளைச்சலை இரண்டரை மடங்கு ஏற்றிவிட்டீர்கள். அந்த எண்ணை நம்பிக் கடன் கொடுக்கிறவரும் இருக்கிறார். எழுதும்போதே எந்த அளவு என்று பக்கத்தில் போடுங்கள்.

சாலைக்கு வருவோம். சத்தியமங்கலத்தில் இருந்து போகிற தேசிய நெடுஞ்சாலை 948 பண்ணாரி, திம்பம், ஆசனூர் தாண்டி காரப்பள்ளம் சோதனைச்சாவடியில் தமிழ்நாட்டை முடித்துக்கொள்கிறது. தாளவாடி பஸ் அங்கே நிற்பதில்லை. கர்நாடகத்துக்குள் போய், புளிஞ்சூர் பக்கம் திரும்பி, மறுபடி தமிழ்நாட்டுக்குள் நுழைந்து தாளவாடி சேருகிறது. தன் தாலுகா தலைநகருக்குப் போகிற ஆசனூர்க்காரர் வழியில் இன்னொரு மாநிலத்தைக் கடக்கிறார். இன்னொரு வழி திம்பத்தில் இருந்து தலமலை வழியாக, முழுக்கக் காடு, குறுகல் ரோடு. கர்நாடகத்தில் பந்த் என்றால் முதல் வழி அடைபடும். 1991-லும் 2016-லும் காவிரிப் பிரச்சினை பற்றியெரிந்தபோதும், 2000 ஜூலை 30-ஆம் தேதி இரவு தொட்டகாஜனூர் பண்ணை வீட்டில் இருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திப்போய் 108 நாள் காட்டில் வைத்திருந்தபோதும், இந்த மலை எந்தப் பக்கமும் போக முடியாமல் தவித்தது. அந்த 108 நாளைப் பற்றி ஊரில் கேளுங்கள், ஆனால் கடைசி நாளில் கேளுங்கள். முதல் நாளே கேட்டால் நீங்கள் வேறு எதற்கோ வந்தவர் என்று நினைத்துவிடுவார்கள். வீரப்பன் காலத்து விசாரணைகளில் அடிபட்ட குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய விஷயம் அது.

திம்பம் பாதைக்குக் கட்டுப்பாடு உண்டு. சத்தியமங்கலம் காடு 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல். வண்டியில் அடிபட்டுச் சாகும் விலங்குகளைச் சொல்லித் தொடுத்த வழக்கில் 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் இரவுப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியது. 16.2 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு அனுமதியில்லை. உள்ளூர்க்காரர்களுக்கும் அவசர ஊர்திக்கும் விலக்கு இருக்கிறது. உத்தரவு வந்தபோது தாளவாடியில் கடையடைப்பு நடந்தது. காய்கறி இரவில்தான் பயணம் செய்யும் என்பது நீதிமன்றத்தில் வாதாடிய எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்! புலியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் எழுதுங்கள், தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

மூட்டையோடு போவதுதான் பொருளாதாரத்தை அறிய ஒரே வழி. வயலில் நிற்கும் பயிரைப் பட்டியல் போடுவதில் பயனில்லை. ஒரு உருளைக்கிழங்கு மூட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். விதைக்கிழங்கு எங்கே வாங்கினது, முன்பணம் கொடுத்தது யார், சாக்கு யாருடையது, ஏற்றுகூலி யார் தலையில், மண்டியில் கமிஷன் எவ்வளவு, சீட்டு என்றைக்குக் கைக்கு வந்தது? மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற மூட்டைக்கு ஒரு கதை, சாமராஜநகருக்கோ குண்டல்பேட்டைக்கோ போகிற மூட்டைக்கு வேறு கதை. அந்தப் பக்கம் தூரம் குறைவு, மலை இறங்க வேண்டாம். இந்தப் பக்கம் பழகின மண்டிக்காரர், பழைய கடன். எங்கே விலை அதிகம் என்பதை விட எங்கே கடன் இருக்கிறது என்பதுதான் மூட்டையின் திசையை முடிவு செய்கிறது. இதை ஒரு விவசாயியிடம் மட்டும் கேட்டால் போதாது. லாரி டிரைவரிடம் டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். அவருக்கு இரண்டு மண்டியின் விலையும் தெரியும், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதும் தெரியும்.

கரும்புக்கு ஒரே திசை. சத்தியமங்கலம் பக்கத்து ஆலைக்கு மலை இறங்குகிறது. காரப்பள்ளம் சாவடியில் யானை நின்றுகொண்டு கரும்பு லாரியை மறிப்பது இப்போது அன்றாடக் காட்சி. டிரைவர்கள் ஒரு கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நகருவார்கள். யானை அதில் பழகிவிட்டது. வனத்துறை போடாதே என்கிறது. வீடியோ எடுக்க வண்டியை நிறுத்தாதீர்கள்.

யானையைச் செலவுக் கணக்கில் எழுதுங்கள் என்பது நான் எல்லோரிடமும் சொல்வது. விவசாயச் செலவு என்று விதை, உரம், கூலி, மருந்து மட்டும் எழுதுகிறார்கள். சூரிய மின்வேலி, அதன் பேட்டரி, பரண் கட்டின மூங்கில், பட்டாசு, டார்ச், இரவு முழுக்க விழித்துவிட்டுப் பகலில் வேலைக்குப் போக முடியாத ஆளின் ஒரு நாள் கூலி எல்லாம் செலவுதான். 2023 ஏப்ரலில் கருப்பன் என்று பெயர் வைத்த யானையைப் பல முயற்சிக்குப் பிறகு கும்கிகளை வைத்துப் பிடித்து பர்கூர் பக்கத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அதுவரை அந்த ஊர்களில் சாகுபடி போட்டவர்களின் இரவுகளை எந்த அடங்கலும் சொல்லாது. கைவிட்ட கல்குவாரிகளில் சிறுத்தை தங்குவதும் உண்டு. ஆடு, நாய், கன்று என்று போகும். கால்நடைக்காரர்களிடம் இதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

மக்களைப் பற்றி எழுதும்போது ‘பல்வேறு சமூகத்தினர் ஒற்றுமையாக வாழ்கின்றனர்’ என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள். மேட்டில் நிலமும் போர்வெல்லும் பெரும்பாலும் யாரிடம், கூலிக்குப் போகிறவர்கள் யார் என்று பார்த்தால் உங்களுக்கே தெரியும். கன்னடம் பேசும் லிங்காயத்துகள் கணிசம். பட்டியல் சாதியினரின் குடியிருப்பு ஊரின் ஓரத்தில். காட்டோரத்திலும் உள்ளேயும் ஊராளிகள், இருளர், சோளகர். சூசைபுரம் பக்கம் கிறிஸ்தவர்கள். கீழிருந்து ஏறிவந்த தமிழ்க் கடைக்காரர்கள், அரசு ஊழியர்கள்.

காட்டில் சீமாறு புல், தேன், கடுக்காய், நெல்லி, கல்பாசி சேகரிப்பது பழங்குடிகளின் பழைய வருமானம். 2006 வன உரிமைச் சட்டம் அதற்கு உரிமை கொடுக்கிறது. எந்த ஊருக்கு உரிமைப் பட்டயம் வந்தது, எதற்கு வரவில்லை என்று ஊர் ஊராகக் கேளுங்கள். மாவட்ட மொத்தம் எதையும் சொல்லாது. இளசுகள் கரும்பு வெட்டவும் கல்குவாரிக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். நீங்கள் போகும்போது வீட்டில் கிழவியும் குழந்தையும் மட்டும் இருந்தால், மற்றவர்கள் எங்கே, எப்போது வருவார்கள் என்று கேளுங்கள். அதுதான் அந்த வீட்டுப் பொருளாதாரம்.

மொழியை ஒரே கேள்வியில் கேட்காதீர்கள். வீட்டில் எது, பள்ளிக்கூடத்தில் எது, சண்டையில் எது, ஆபீஸ் மனுவில் எது? நான்குக்கும் வேறு வேறு பதில் வரும். தாளவாடியில் கன்னட வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. பத்தாவது வரை கன்னடத்தில் படித்த பெண் தமிழ்நாட்டு அரசு வேலைக்குத் தமிழ்த் தாளில் தேற வேண்டும். பலர் அதனால்தான் கல்லூரிக்குச் சாமராஜநகர், மைசூர் போகிறார்கள். உங்களுக்குக் கன்னடம் தெரியாவிட்டாலும் ‘ஊட்டா ஆயித்தா’ என்று கேட்டுக்கொண்டு திண்ணையில் உட்காருங்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்டவரை யாரும் விரட்டமாட்டார்கள்.

எல்லையில் கல்யாணம் ஒரு நிர்வாகச் சிக்கல். “பொறந்தது அந்தப் பக்கம், குடுத்தது இந்தப் பக்கம்” என்று ஒரு பாட்டி சொன்னால் அவர் சிரிப்பார். அதே நிலையில் இருக்கும் இருபது வயது மருமகள் சிரிக்கமாட்டார். சாதிச் சான்று பிறந்த மாநிலத்தைப் பொறுத்தது. சோளகர் இரண்டு மாநிலப் பட்டியலிலும் பழங்குடிதான். ஆனாலும் பிளிகிரிரங்கன் மலையில் இருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்ணின் கர்நாடகத்துச் சான்று இங்கே இடஒதுக்கீட்டுக்கு உதவாது. ஆதாரில் ஒரு முகவரி, ரேஷன் அட்டையில் ஒரு முகவரி. குடும்பங்களைக் கேட்கும்போது வெளியில் இருந்து வந்த மருமகள் எத்தனை பேர் என்று ஒரு பத்தி சேருங்கள். பிரசவத்துக்கும் நெஞ்சுவலிக்கும் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்றும் கேளுங்கள். இரவில் 27 வளைவு இறங்குவதா, சமதளத்தில் சாமராஜநகர் போவதா என்று முடிவெடுக்கிற அந்த நிமிஷத்தில் யாரும் மாநிலம் பார்ப்பதில்லை. காப்பீட்டு அட்டை மட்டும் பார்க்கும்.

திருவிழாவுக்கு ஒரு பக்கம் போதும். பங்குனியில் பண்ணாரி அம்மன் குண்டத்துக்குக் கர்நாடகத்தில் இருந்து வண்டி வண்டியாக இறங்கி வருகிறார்கள். தீபாவளி முடிந்த பின் கும்டாபுரத்தில் பீரேஸ்வரர் கோயில் திருவிழாவில் ஒருவர் மேல் ஒருவர் சாணி அடித்துக்கொள்வார்கள். அதற்கு இரண்டு பக்கத்து ஊர்க்காரர்களும் கூடுவார்கள். படம் பிடிக்க வருகிறவர்கள் சாணியைத்தான் பிடிக்கிறார்கள். நீங்கள் வண்டி நம்பர் பலகைகளை எண்ணுங்கள். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் உறவு என்று அது காட்டிவிடும்.

எழுதி முடித்ததும் நான் சொல்லும் கடைசி வேலை இது. வரைபடத்தில் மாநில எல்லையை மெல்லிய கோடாகப் போடுங்கள். தண்ணீர் கடக்கும் இடம், பஸ் கடக்கும் இடம், மூட்டை கடக்கும் இடம், யானை கடக்கும் இடம் நான்கையும் நான்கு நிறத்தில் குறியுங்கள். பிறகு ஊர்ப் பெயர்களை ஊர்க்காரர் ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். தமிழில் நீங்கள் எழுதியது கன்னட உச்சரிப்போடு ஒட்டாது. தாலுகா ஆபீஸ் பலகையும் பஸ் பலகையும் கூட ஒத்துப்போகாது. இரண்டு வடிவத்தையும் போட்டு, பட்டாவில் உள்ளதை முதலில் வையுங்கள். ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்திலும் இன்னொன்றைப் பள்ளிக்கூடத்திலும் கொடுத்துவிடுங்கள். சத்தியமங்கலம் இறங்குவதானால் வெளியூர் வண்டிக்கு எத்தனை மணிக்குக் கேட் மூடுகிறது என்று ஏறும்போதே பண்ணாரியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.